கணக்கில் வராத சுற்று

“மேடம், இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி இருக்கே” என்றார் பல் டாக்டர்.

சைக்கிளை விட்டு இறங்கி அப்போதுதான் ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தேன். சாரல் பெய்து ஓய்ந்திருந்தது. முடியிலிருந்து வழிந்த தண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது. அதைத் துடைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

“ரெண்டு ரவுண்டும் முடிச்சிட்டுத்தான் வாரேன் டாக்டர்.”

“செங்கோட்டையில திரும்புற இடத்துல நிக்கிறவர் ஒரு ரவுண்டுதான் சொல்றார் மேடம்.”

இலஞ்சி பக்கத்துக் குளக்கரையில் நின்றுகொண்டிருந்தோம். முதலில் குளத்தில் முக்கால் கிலோமீட்டர் நீந்த வேண்டும். பிறகு செங்கோட்டை வரை போய்த் திரும்பி, அதையே இரண்டு சுற்றாக இருபது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும். கடைசியாகக் குற்றாலம் பக்கமாக ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டுக் கரைக்கே திரும்ப வேண்டும். மூன்றையும் இடைவெளி இல்லாமல் முடிப்பதற்கு டிரையத்லான் என்று பெயர். என்னோடு குளத்தில் குதித்தவர்களில் பாதிப் பேர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டருக்குப் பின்னால் ஒரு வேன் நின்றது. முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வருவதற்கான வேன்.

“வேணும்னா அதுல ஏறிக்கோங்க மேடம். இதுவரைக்கும் வந்ததே பெரிய விஷயம்” என்றார்.

நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. ‘இதுவரைக்கும் வந்ததே பெரிய விஷயம்’ என்பதை ஒரு வருஷத்துக்கு மேலாக ஆளாளுக்கு என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பரண்மேல் வைத்த பாத்திரம்

போன வாரம் என் ஆபரேஷனைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் போன் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர், “இப்ப பதனமா இருக்கீங்கள்லா?” என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வியால் வந்த வினைதான் இந்த வாரக் கதை.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு: என் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஓய்வெடுக்கச் சொன்ன காலம் முழுக்க ஒழுங்காக ஓய்வெடுத்தேன். பிறகு டாக்டரம்மாவே, “இனி எல்லா வேலையும் பாக்கலாம், நல்லா நடங்க, ஓடுங்க” என்று சொல்லி அனுப்பினார். டாக்டரம்மா விட்டுவிட்டார், ஊர் விடவில்லை.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கீழப்பாவூர், வீரகேரளம்புதூர் என்று நாளெல்லாம் ஸ்கூட்டரில் அலைகிற பிழைப்பு. ஒரு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனால், வீட்டுக்கார அம்மா பாய்ந்து வந்து பிடுங்குவார். “நீங்க தூக்கலாமா?” என்பார். அந்த நாற்காலியின் கனத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

மதினி ஒருபடி மேலே போனாள். “எல்லாத்தையும் எடுத்தாச்சுல்லா, இனி என்னத்துக்குப் போட்டு இந்த ஓட்டம் ஓடுத? மூலையில செவனேன்னு இருக்க வேண்டியதுதான?”

முதலில் எனக்கே சொகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இருந்த இடத்துக்குக் காப்பி வந்தது. குடத்தை எங்கள் வீட்டுக்காரரே தூக்கினார். அவர் போலீஸில் ஸ்பெஷல் எஸ்.ஐ.; யூனிஃபார்மோடு குடம் தூக்கிய அழகைத் தெருவே பார்த்தது. ஆனால் போகப் போக மூச்சு முட்டியது. என்னிடமிருந்து எடுத்தது ஓர் உறுப்பை. என்னையே எடுத்துப் பரண்மேல் வைக்க இவர்கள் யார் என்று ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தோடு ஒருநாள் பல் வேர் சிகிச்சைக்குப் போனேன். டாக்டர் எங்கள் ஊர் சைக்கிள் கிளப்பின் செயலாளரும்கூட. வாயைப் பிளந்து கிடந்தபோது எதிர்ச் சுவரில் போட்டியின் போஸ்டர் தெரிந்தது. கையை நீட்டிக் காட்டினேன்.

“அதுவா மேடம்? உங்க வயசு லேடீஸுக்குன்னே குட்டிப் போட்டி ஒண்ணு வச்சிருக்கோம். நீச்சல் கிடையாது. கொஞ்ச தூரம் நடக்கணும், ஒரு டீ-ஷர்ட் தருவோம்.”

எழுந்து துப்பிவிட்டு, “எனக்குப் பெரிய போட்டி” என்றேன். மரத்துப்போன வாயின் ஓரத்தில் எச்சில் ஒழுகியது. அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

கிணற்று நீச்சல்

நீச்சலைப் பற்றித்தான் எனக்குக் கவலையே இல்லை. அங்கேதான் முதல் அடி விழுந்தது.

வீரகேரளம்புதூர் பக்கம் எங்கள் பம்புசெட் கிணற்றில் நான் நீச்சல் படித்தேன். முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிவிட்டு, அத்தை மகள் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினாள். அவ்வளவுதான் படிப்பு. மேலே வந்து அவளை அடிக்கத் துரத்தியதில் நீச்சல் வந்துவிட்டது.

கிணற்றில் நேராக நீந்த இடம் ஏது? குதிப்போம், சுவரை ஒட்டிச் சுற்றுவோம், மூச்சு வாங்கினால் படிக்கல்லைப் பிடித்துக்கொள்வோம். வலதுபக்கம் மோட்டார் குழாய் இறங்கியிருக்கும். அதில் இடித்துக்கொள்ளக் கூடாது என்று எல்லோரும் இடதுபக்கமாகவே சுற்றுவோம். போட்டிக்குப் பயிற்சி எடுத்ததும் இன்னொரு தோட்டத்துக் கிணற்றில்தான். இத்தனை சுற்று சுற்றினால் முக்கால் கிலோமீட்டர் என்று நானே ஒரு கணக்குப் போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்திருந்தேன்.

விசில் ஊதியதும் எல்லோரும் எதிரே மிதந்த ஆரஞ்சுப் பந்தை நோக்கிப் போனார்கள். நானும் வெறியோடு கையை வீசினேன். நன்றாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

“ஏளா, இங்கன எங்க வாரே? கூட்டம் அங்கன்லா போகுது!”

நிமிர்ந்து பார்த்தால் படித்துறை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, சோப்பு நுரை கையோடு எதிர்த்திசையைக் காட்டினார். இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து கரைக்கே வந்து சேர்ந்திருக்கிறேன்! திரும்பிப் போனேன். அப்போதும் உடம்பு இடப்பக்கம்தான் இழுத்தது. ரப்பர் படகில் இருந்தவர், “அக்கா, வலது! வலது!” என்று கத்திக்கொண்டே பக்கத்தில் வந்தார். மாடு பத்துவதைப் போலத்தான் என்னைக் கரைக்குப் பத்திக்கொண்டு வந்தார்.

அன்று படித்த முதல் பாடம்: பலம் எனக்குக் குறைவில்லை. நடுநடுவே தலையைத் தூக்கி, போகிற இடத்தைப் பார்த்துப் பார்த்து நீந்த வேண்டும். இப்போது அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பூண்டு மணத்தது

நீச்சலில் போன நேரத்தைச் சைக்கிளில் பிடித்திருப்பேன். எண்ணெய் கெடுத்தது.

எங்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவர்கள் குறைவு. சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வந்து பாருங்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை மினுமினுத்துக்கொண்டு அருவிக்கு வரிசையில் நிற்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் என்னைத் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. விடிவதற்கு முன்னால் அவரே அடுப்பைப் பற்றவைத்து, நல்லெண்ணெயில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் காய்ச்சினார்.

“போகத்தான் போறேன்னா இதைத் தேச்சிட்டுப் போ. ஆபரேஷன் பண்ண உடம்புட்டி, குளத்துத் தண்ணி தாங்காது.”

யூனிஃபார்மில் பட்டுவிடாமல் தள்ளி நின்று, முதுகுக்கும் அவரே தேய்த்துவிட்டார். இவ்வளவு அக்கறையான மனுஷனை எப்படிக் குறை சொல்வது? மனம் குளிர்ந்து, கையிலும் காலிலும் நானும் இன்னொரு தடவை தேய்த்துக்கொண்டேன்.

கிளப் நடத்தும் முதல் போட்டி அது. சைக்கிளில் ஒட்டும் நம்பரெல்லாம் கிடையாது, கையில் மார்க்கரால் எழுதுவதோடு சரி. எனக்கு முப்பத்தெட்டு. எழுத வந்த பேங்க் மேனேஜர் அம்மாவுக்கு மார்க்கர் வழுக்கிக்கொண்டே போனது.

“என்னக்கா, தாளிச்சுக் கொட்டிட்டு வந்த மாதிரி மணக்குது!” என்று துண்டால் துடைத்துத் துடைத்து, மேலுக்கு மேல் எழுதினார்.

குளத்திலிருந்து வெளியே வரும்போதே பாதி எழுத்து போயிருந்தது. சைக்கிளில் ஏறினால் ஹேண்டில்பார் கையில் நிற்கவில்லை, வழுக்கியது. கியர் மாற்ற விரலை வைத்தால் விரல்தான் நகர்ந்தது, கியர் நகரவில்லை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே கியரில் மிதித்தேன்.

செங்கோட்டை ரோட்டு முக்கில் எங்கள் வீட்டுக்காரருக்கு அன்று டூட்டி. போட்டி போகிற பாதையில் வண்டிகளை நிறுத்திவிட வேண்டியது அவர் வேலை. முதல் சுற்றில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

“ஏட்டி, போதும்! மூஞ்சி வெளிறிக் கெடக்கு. ஜீப்ல ஏறு!”

“வழிய விடுங்க!” என்று கத்திவிட்டுப் போனேன்.

செங்கோட்டையில் திரும்பும் இடத்தில் ஒரு பி.டி. மாஸ்டர் விசிலோடு நின்றார். “சேச்சி, நம்பர்?” என்று என் கையை எட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, முப்பத்தெட்டு என்று படித்துவிட்டார். அது முதல் சுற்று.

இரண்டாம் சுற்றில் சாரல் பிடித்துக்கொண்டது. கையில் மிச்சமிருந்த மையும் வழிந்து போய்விட்டது. நான் திரும்பும் இடத்துக்குப் போனபோது ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றது. மாஸ்டர் விசிலும் வாயுமாக டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். “முப்பத்தெட்டு!” என்று கத்தினேன். பின்னால் எம்-சாண்ட் லாரி அடித்த ஹாரனில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. போகும்போதும் வரும்போதும் முக்கில் வீட்டுக்காரரையும் காணோம். சேற்றில் சிக்கிய டூரிஸ்ட் வேன் ஒன்றைத் தள்ளிவிடப் போயிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

சுற்றை எண்ணுவதற்குச் செங்கோட்டையில் மட்டும்தான் ஆள் போட்டிருந்தார்கள், கரைப் பக்கம் யாரும் இல்லை. ஆக, இரண்டாம் சுற்றை நான் ஓட்டியதை யாரும் பார்க்கவில்லை.

சாட்சி

இப்போது குளக்கரைக்கு வருவோம். வேன் நிற்கிறது, டாக்டர் நிற்கிறார், நான் சொட்டச் சொட்ட நிற்கிறேன்.

“முக்குல எங்க வீட்டுக்காரர் நிக்காரு. அவரக் கேளுங்க” என்றேன். எந்தப் போலீஸ்காரர் பெண்டாட்டியும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

டாக்டர் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “சார், மேடம் உங்க முக்கைத் தாண்டி ரெண்டு ரவுண்டு போனாங்களா?”

லாரிச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் வந்தது.

“நான் பாத்தது ஒரு ரவுண்டுதான் டாக்டர்.”

போனைப் பிடுங்கினேன். “ரெண்டு ரவுண்டு போனேங்க!”

“போயிருப்ப. நீ போகலன்னா சொல்லுதேன்? நான் பாக்கலன்னுதான் சொல்லுதேன். பாக்காததப் பாத்தேன்னு எப்படிட்டி சொல்லுவேன்? கோர்ட்டுக் கூண்டுல இத்தன வருசமா ஏறி எறங்குதேன், ஒரு தடவ அப்படிச் சொன்னது கெடையாது.” குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வேன்ல ஏறி வந்திரு, என்ன?” என்றார்.

எண்ணெய் காய்ச்சியது இவர். நம்பர் அழிந்தது இவரால். ஊரில் எத்தனையோ பேர் எதை எதையோ சொல்லிவிட்டுப் போக, அரிச்சந்திரன் வம்சம் மிச்சம் விட்டுவைத்த ஒரே மனுஷன் என் வீட்டில்தான் வந்து வாய்க்க வேண்டுமா? அழுகை வந்துவிட்டது. அந்த இடத்தில் அழுதால் வேனில் ஏற்றித்தான் விடுவார்கள் என்று தெரிந்ததால் விழுங்கினேன்.

டாக்டருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும். “பரவால்ல மேடம், நீங்க சொல்றத நான் நம்புறேன். ஓட்டத்துக்குப் போங்க. முடிச்சவங்க பட்டியல்ல போட முடியாது, அவ்வளவுதான்.”

நம்புகிறாராம். ஆபரேஷன் ஆன பொம்பளை, பாவம், நம்பிவிட்டுப் போவோம் என்கிற நம்பிக்கை. அந்தக் கருணை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. அதைவிட என்னைப் பொய்காரி என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

“நம்ப வேண்டாம் டாக்டர். பாருங்க” என்றேன்.

சைக்கிளைத் திருப்பினேன். பேங்க் மேனேஜர் அம்மா மார்க்கரோடு ஓடிவந்தார். “கையில வேண்டாம்” என்று, காய்ந்த டீ-ஷர்ட் ஒன்றைக் கேட்டு வாங்கி மேலே போட்டுக்கொண்டேன். நெஞ்சிலும் முதுகிலும் முப்பத்தெட்டு என்று பெரிதாக எழுதச் சொன்னேன். கரையோரத்து மண்ணை அள்ளி, எண்ணெய்ப் பாத்திரம் விளக்குவதைப் போல இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துத் துடைத்தேன். ஹேண்டில்பாரைப் பிடித்தேன், பிடி பிடியாக நின்றது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டியதுதானே என்று என்னையே திட்டிக்கொண்டு மிதித்தேன்.

முக்கில் நின்றவர்

நம்புவீர்களோ மாட்டீர்களோ, அன்று நான் ஓட்டிய மூன்று சுற்றில் மூன்றாவதுதான் வேகமானது. கை பிடித்தது, கியர் சொன்னபடி கேட்டது. கோபமும் கூட மிதித்தது. கியர் என்கிற சமாச்சாரம் எதற்கு இருக்கிறது என்பதே அந்தச் சுற்றில்தான் எனக்குப் புரிந்தது.

போட்டிப் பாதையை வண்டிகளுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் உரசிக்கொண்டு போகும்போது சைக்கிளை ரோட்டோரத்துக்கு ஒதுக்கினேன். பயப்படவில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே பயந்தேன்.

முக்கு தெரிந்தது. மற்றப் போலீஸ்காரர்கள் போய்விட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிளாஸை அப்படியே கீழே வைத்தார். தொப்பியைத் தலையில் போட்டார். ரோட்டு நடுவில் வந்து இரண்டு கையையும் அகல விரித்து நின்றார்.

எம்-சாண்ட் லாரி நின்றது. அதன் பின்னால் ஒரு பஸ் நின்றது. கார்கள் நின்றன. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “யாரு சார் வாராங்க, மந்திரியா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. வீட்டுக்காரர் கையை இறக்கவில்லை.

“இப்ப நல்லாப் பாத்துக்கிடுங்க!” என்று கத்தினேன்.

“பாத்துட்டேன்! நீ ரோட்டப் பாத்துப் போ!”

செங்கோட்டையில் பி.டி. மாஸ்டர் கிளம்பத் தயாராக நின்றார். என் நெஞ்சில் இருந்த நம்பரைப் படித்துவிட்டு நீளமாக ஒரு விசில் ஊதினார். அவர் குற்றம் எதுவும் இல்லை, ஆனாலும் அன்று அவருக்கு நான் வணக்கம் சொல்லவில்லை.

கரைக்கு வந்து, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தால் கால் என்னுடையதாகவே இல்லை. சைக்கிளிலேயே சுற்றிப் பழகிய கால், தரையிலும் பெடலைத் தேடியது. கொஞ்ச தூரம் நடந்தேன், கொஞ்ச தூரம் ஓடினேன், புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை வாந்தியும் எடுத்தேன். சைக்கிள் ஓட்டிய கையோடு இறங்கி ஓடிப் பழக வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் உபதேசம் செய்கிறேன். அன்று அதைச் சொல்லித்தர யாரும் இல்லை.

திரும்பி வரும்போது, குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக எதிரே வந்தது. அதில் ஒருவர் அக்கறையாக நின்று, “எக்கா, போட்டி முடிஞ்சிட்டு. எல்லாரும் அப்பமே போயாச்சு” என்றார்.

“நான் இன்னும் முடிக்கலியே அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மைக்கை எடுங்கள்

குளக்கரைக்கு வந்தபோது சாமியானாவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கோடு போட்டிருந்த சுண்ணாம்பு பாதி கரைந்து போயிருந்தது. மிச்சமிருந்த பாதியைத் தேடிப் பிடித்துத் தாண்டினேன். கை தட்டியது டாக்டரும் பேங்க் மேனேஜர் அம்மாவும் மட்டும்.

டாக்டர் சர்டிபிகேட்டோடு வந்தார். முகத்தில் அதே கருணை.

“பிரமாதம் மேடம். ஆனா முடிக்க வேண்டிய நேரம் தாண்டிட்டு. கலந்துக்கிட்டவங்கன்னு ஒரு சர்டிபிகேட் தாரோம். இதுவரைக்கும்…”

“நிறுத்துங்க டாக்டர்” என்றேன். மூச்சு வாங்கியதில் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. “அவங்க எல்லாரும் ஓட்டுனது இருபது. நான் ஓட்டுனது முப்பது. மிச்சம் பத்தையும் அவங்கள வந்து ஓட்டச் சொல்லுங்க. பொறவு யாரு லேட்டுன்னு பாப்போம்.”

டாக்டர் வாயைத் திறந்தார். ஒரு பல் டாக்டர் வாயைப் பிளந்து நின்றதைப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

பிறகு, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக் செட்காரரைக் கூப்பிட்டு மறுபடியும் இணைக்கச் சொன்னார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். காலி மைதானத்தையும் வாழைப்பழத் தோலையும் பார்த்துச் சத்தமாக அறிவித்தார்: “சண்முகவடிவு, தென்காசி. முடித்துவிட்டார். சைக்கிள், முப்பது கிலோமீட்டர்!”

குளத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை, அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

அப்போது கரை மேட்டில் ஒரு ஜீப் வந்து நின்று, அதிலிருந்து யூனிஃபார்ம் ஒன்று இறங்கியது.

“டாக்டர், இன்னொரு தடவ சொல்லுங்க” என்றேன். “எங்க வீட்டுக்காரர் இப்பதான் வாராரு. அவரு காதால கேக்கணும்.”